மீண்டும் விறகடுப்பு: கரையோர வீடுகளுக்கு எந்தக் கருவி போதும்?

2021 ஒக்டோபர் வரை 12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்று 1,493 ரூபா. கட்டுப்பாட்டு விலையை அரசு நீக்கியதும் அது 2,675 ரூபாவானது. 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. விலை மட்டுமல்ல, சாமானும் இல்லை. வெற்றுச் சிலிண்டரை வரிசையில் வைத்துவிட்டு நாள்கணக்கில் காவல் இருந்தோம். அதற்குச் சற்று முன்னர், 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாட்டின் பல இடங்களில் எரிவாயு அடுப்புகள் வெடித்த செய்தி வேறு பயத்தைக் கிளப்பியிருந்தது. மண்ணெண்ணெய்க்கு மாறலாம் என்றால், 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்குப் போனது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று கரையோரம் முழுவதும் கொல்லைப்புறத்தில் கிடந்த அடுப்புக் கற்கள் மீண்டும் அடுக்களைக்கு வந்தது அப்போதுதான்.

எரிவாயு விலை பிறகு அந்த உச்சத்திலிருந்து இறங்கியது. ஆனால் இறங்கிய விலையும் பழைய விலை அல்ல. தேநீருக்கும் பால்மாவுக்கும் காஸ், சோற்றுக்கும் கறிக்கும் விறகு என்று இரண்டையும் கலந்து சமாளிக்கும் பழக்கம் பல வீடுகளில் தங்கிவிட்டது. நாடு முழுவதற்கும் இது புதிதல்ல. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் வீடுகளில் முக்கால் பங்குக்கும் மேல் விறகில்தான் சமைத்தன. சிக்கல் எங்கே என்றால், நெருக்கமாக வீடு கட்டிக்கொண்ட எங்கள் பட்டினங்களில் ஒரு தலைமுறை காஸ் அடுப்போடு வளர்ந்துவிட்டது. உம்மம்மாவுக்குத் தெரிந்திருந்த வேலை பேத்திக்குத் தெரியாது. உம்மம்மா வைத்திருந்த கோடாலியும் வீட்டில் இல்லை. பல வீடுகளில் அது 2004 டிசம்பர் 26இல் கடலோடு போனது. மற்ற வீடுகளில் பழைய இரும்புக்காரனிடம் போனது.

இப்போது நடப்பது என்ன? மீன் வெட்டும் கத்தியால் விறகு கொத்துகிறார்கள். இடது கையால் கொள்ளியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஓங்கிக் கொத்துகிறார்கள். சீமெந்துத் தரையில் வைத்துக் கொத்துகிறார்கள். காயம் எப்போதும் இடது கைப் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும்தான். விறகுச் செலவை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு கிழமைக் கூலியை இழப்பது இப்படித்தான். நெசவு செய்கிற கைக்கும், வலை பொத்துகிற கைக்கும், தையல் இயந்திரத்தில் இருக்கிற கைக்கும் ஒரு விரலின் பெறுமதி என்னவென்று சொல்லத் தேவையில்லை.

எங்களுடையது காட்டு விறகு அல்ல

கடையில் போய் "விறகு கொத்த ஒரு சாமான் தாங்க" என்று கேட்டால், பெரிய கோடாலியைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அது காட்டில் மரம் தறிப்பவருக்கான ஆயுதம். எங்கள் வளவுகளில் கிடைக்கும் விறகு வேறு. தென்னை மட்டை, பாளை, பொச்சு, சிரட்டை, வேலியில் வெட்டிய சீமைக்கிளுவைத் தடி, காற்றுக்கு முறிந்த முருங்கை, வேம்பு, மா இவற்றின் கொப்பு, மர ஆலையில் கழித்துப் போட்ட ஓரப் பலகை, உடைந்த வீட்டின் வளைத்துண்டு. எப்போதாவது ஒரு தென்னை அல்லது சவுக்கு அடிமரம். இவற்றில் பத்தில் ஒன்பதுக்கு ஓங்கி வெட்டும் கோடாலி தேவையே இல்லை.

காட்டு விறகு எங்களுக்கு எட்டாமல் போனதற்குத் தூரம் மட்டும் காரணமல்ல. கரைவாகுப் பற்றின் மேற்கே வயல், வயலுக்கு அப்பால் காடு. யுத்த காலத்தில் அந்த வயலுக்கே போக முடியாத ஆண்டுகள் இருந்தன. தெற்கே, 2007 வரை விடுதலைப் புலிகளின் தளமாக இருந்த கஞ்சிகுடிச்சாறுக் காட்டை அண்டிய ஊர்களில், தமிழரும் முஸ்லிம்களும் விறகுக்காகக் காட்டுக்குள் கால் வைக்க ஆயிரம் தடவை யோசித்தார்கள். நாடு முழுவதும் இந்தக் கதை உண்டு. 2000 டிசம்பர் 19 அன்று யாழ்ப்பாணம் மிருசுவிலில் கொன்று புதைக்கப்பட்ட எட்டுப் பேரும், இடம்பெயர்ந்திருந்த நிலையில் தங்கள் வீடுவாசலைப் பார்த்து விறகும் எடுத்து வரப் போனவர்கள்தான். விறகு என்பது எங்கள் சனங்களுக்கு வெறும் எரிபொருளாக இருந்ததில்லை. அதற்காக வெளியே போனவர் திரும்பி வருவாரா என்ற கேள்வியும் கூடவே இருந்தது.

இன்று அந்தப் பயத்தின் இடத்தில் யானை இருக்கிறது, வன இலாகா இருக்கிறது. ஒதுக்குக் காட்டில் பச்சை மரம் வெட்டினால் வழக்கு. சொந்த வளவில் நின்றாலும் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்க அனுமதி எடுக்க வேண்டும், 1951ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் அப்படி. ஆகவே கையில் இருப்பதைக் கொண்டு, வளவுக்குள், பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை இது. கருவியையும் அதற்கேற்பவே தெரிவு செய்ய வேண்டும்.

கத்தி நிற்கட்டும், கொள்ளி நகரட்டும்

எங்கள் அடுக்களையில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு பழைய சாமான்களைப் பாருங்கள். தேங்காய் துருவும் திருவலை. பல்லு அசையாமல் நிற்கிறது, தேங்காய்தான் சுழல்கிறது. தேங்காய் உரிக்க நிலத்தில் நட்ட அலவாங்கு. கூர் மேலே பார்த்து நிற்கிறது, தேங்காயைத்தான் அதில் குத்துகிறோம். ஓங்கி வீசும் கத்தி எங்கே போய் விழும் என்பது கையின் தளர்வைப் பொறுத்தது. அசையாத கூர் எங்கே இருக்கிறது என்பது எப்போதும் கண்ணுக்குத் தெரியும். விறகுக்கும் இதே புத்திதான் பொருந்தும். ஏனோ விறகுக்கு மட்டும் நாங்கள் இதைச் செய்வதில்லை.

நியூசிலாந்தில் அய்லா ஹட்சின்சன் என்ற பள்ளி மாணவி, தாய் சுள்ளி பிளக்கும்போது விரலை வெட்டிக்கொண்டதைக் கண்டு, பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்காக ஒரு சாமான் செய்தார். கூர் மேல்நோக்கிய ஆப்பு ஒன்று, அதைச் சுற்றி ஓர் இரும்பு வளையம். விறகை வளையத்துக்குள் கூரின் மேல் நிறுத்தி, சுத்தியலால் மேலிருந்து தட்டினால் இரண்டாகப் பிரிகிறது. இன்று அது பல நாடுகளில் விற்கப்படுகிறது. வெளிநாட்டில் குளிர்காய விறகு எரிக்கும் வீடுகளில் இருக்கும் எங்கள் உறவினர் சிலர் கண்டிருப்பார்கள். அதை இறக்குமதி விலை கொடுத்து வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டுத் தேவைக்கு இந்த அமைப்பில் ஒன்றைச் செய்துகொள்ள ஒரு கம்மாலையும் ஓர் ஒட்டு வேலைக் கடையும் போதும்.

செய்யும் விதம் இது. பழைய லொறி வில்லுத் தகட்டில் நான்கு விரல் அகலத் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தை ஆப்பு வடிவில் தீட்ட வேண்டும். சவரக் கத்தி போன்ற கூர் தேவையில்லை. இது வெட்டும் கருவி அல்ல, பிளக்கும் கருவி. கூரின் பின்னால் தடிப்பு வேகமாகப் பெருக வேண்டும், அப்போதுதான் விறகு விரிந்து பிளக்கும். அந்தத் துண்டைத் தடித்த இரும்புத் தகட்டில் நிமிர்த்தி ஒட்ட வேண்டும். இங்கே ஒரு கவனம்: வில்லுத் தகடு கரி மிகுந்த உருக்கு. குளிர்ந்தபடியே ஒட்டினால் ஒட்டிய இடம் கண்ணாடி போல் உடையும். ஒட்டுவதற்கு முன் அடிப்பகுதியைச் சூடாக்கி, ஒட்டிய பின் தண்ணீர் ஊற்றாமல் சாம்பலுக்குள் மெதுவாக ஆறவிடும்படி பட்டறைக்காரரிடம் சொல்லுங்கள். நல்ல பட்டறைக்காரருக்கு இது தெரியும், சொல்லி வைப்பதில் தப்பில்லை. பிறகு இரண்டு அல்லது நான்கு தடித்த கம்பிகளை நிமிர்த்தி, மேலே ஒரு வளையம். வளையம் கூரைவிட ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும். விறகு சாயாமல் பிடிப்பது அதன் வேலை. கை உள்ளே போகாமல் தடுப்பதும் அதுதான். முழுவதையும் ஒரு மரக்குற்றியில் நான்கு ஆணியால் இறுக்கிவிட்டால் முடிந்தது.

அடிக்க ஒரு கிலோ அளவுச் சுத்தியல் போதும். பெரிய சம்மட்டி வேண்டாம். விறகு முன்கைத் தடிப்பைத் தாண்டக் கூடாது, நீளம் ஓரடி. அதைவிடத் தடித்ததை முதலில் ஆப்பால் பிளந்து கொண்டு வர வேண்டும். கண்ணாடி அணிந்திருந்தால் நல்லது.

இந்தச் சாமானின் முக்கியமான நன்மையை நான் வேறோர் இடத்தில் காண்கிறேன். இதற்கு ஒரு கை போதும். விறகை வளையம் பிடித்துக்கொள்ளும், அடிக்கும் கை மட்டும்தான் தேவை. குற்றியின் உயரத்தைக் குறைத்தால் கதிரையில் அல்லது பலகையில் இருந்தபடியே அடிக்கலாம். யுத்தத்தில் ஒரு கையை இழந்தவர்கள், காலில் சுமை தாங்க முடியாதவர்கள் எங்கள் இரு சமூகத்திலும் எத்தனை பேர். "விறகு கொத்த ஓர் ஆளைப் பார்க்க வேண்டும்" என்று அயல் வீட்டு வாசலில் நிற்கும் நிலை, கணவனை இழந்த பெண்ணுக்கும் ஊனமுற்ற ஆணுக்கும் ஒன்றுபோலவே வலிக்கும். அந்த நிலையைக் குறைக்க வல்லது ஒரு முழங்கால் உயரச் சாமான்.

ஒன்றை மறக்க வேண்டாம்: வேலை முடிந்ததும் கூரின் மேல் ஒரு பழைய வாளியைக் கவிழ்த்து, வாளியின் மேல் கல் வையுங்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மேல்நோக்கிய கூர் திறந்து கிடக்கக் கூடாது.

இதைச் செய்யக் காசு இல்லையா? அதற்கும் ஒரு வழி இருக்கிறது, செலவில்லாத வழி. தடித்த வெட்டுக்கத்தியின் வாயை விறகின் தலையில் வைத்து, முதுகில் ஒரு மரக்கட்டையால் தட்டுங்கள். வீச்சே இல்லை. கத்தி விறகில் பிடித்ததும் விறகைப் பிடித்திருந்த கை விலகிவிடலாம், கத்தியின் பிடியை மட்டும் பிடித்துத் தட்டிக்கொண்டே போனால் பிளந்துவிடும். மரக்கட்டையால்தான் தட்ட வேண்டும். சுத்தியலால் தட்டினால் கத்தியின் முதுகு சிதறி இரும்புத் துணுக்கு கண்ணுக்கு வரும். மணிக்கட்டுத் தடிப்பு வரையான கொள்ளிக்கு இது போதும். இதைப் பத்து நிமிடத்தில் யாரும் பழகிக்கொள்ளலாம்.

முதலில் அரி, பிறகு பிள

குறுக்கே வெட்டுவதற்கும் நெடுக்கே பிளப்பதற்கும் ஒரே கருவியைப் பாவிப்பதுதான் வீடுகளில் காணும் பெரிய பிழை. மரம் நெடுக்கே இலகுவாகப் பிரியும், குறுக்கே பிரியாது. குறுக்கே கொத்தினால் பாதி விறகு சிராயாகப் பறந்துவிடும், கையும் ஓய்ந்துவிடும். குறுக்குக்கு வாள், நெடுக்குக்கு ஆப்பு. இதைப் பிரித்துக்கொண்டாலே வேலை பாதியாகும்.

வாளில் எங்கள் தேவைக்கு ஏற்றது வில்வாள். வளைத்த இரும்புக் குழாயில் மெல்லிய பல் அலகை இழுத்துப் பூட்டியது. தச்சருடைய கைவாள் காய்ந்த பலகைக்கானது, ஈர மரத்தில் இறுகிக்கொள்ளும். வில்வாள் அலகிலும் இரண்டு விதம் உண்டு. எல்லாப் பல்லும் ஒரே மாதிரி வரிசையாக இருந்தால் காய்ந்த மரத்துக்கு. நான்கு பல்லுக்கு ஒருமுறை வேறு வடிவில் ஒரு பல்லும் இடைவெளியும் இருந்தால் பச்சை மரத்துக்கு, அந்த இடைவெளிதான் ஈரத் தூளை வாரிக்கொண்டு வெளியே போடும். வளவுக் கொப்பு அரியப் பச்சை மர அலகே நல்லது. 21 அங்குல வாள் ஒருவருக்கு அளவானது. அலகு தளர்ந்திருந்தால் வெட்டு வளைந்து போகும், விரலால் சுண்டினால் தந்தி போல் ஒலிக்க வேண்டும். அழுத்தி அரிய வேண்டாம். முழு நீளத்துக்கும் இழுத்து விடுங்கள், பாரம் வாளுடையதாக இருக்கட்டும்.

கொள்ளியைக் காலால் மிதித்துக்கொண்டு அரிவது எங்கள் வழக்கம். முழங்காலுக்கும் முதுகுக்கும் கேடு. இரண்டு தடிகளைப் பெருக்கல் குறிபோல் கட்டி, அதே போல் இன்னொரு சோடியை ஒன்றரை அடி தள்ளி நிறுத்தி, நடுவே ஒரு தடியால் இணைத்தால் மரக்குதிரை ஒன்று கிடைக்கும். கொள்ளி மேலே உள்ள கவட்டுக்குள் தானாக இருந்துகொள்ளும். அரியும் இடம் கவட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், நடுவில் அரிந்தால் வெட்டு மூடி வாளை நெரிக்கும்.

தென்னை மட்டைக்கு வாள் வேண்டியதில்லை, அடித் தடிப்புக்கு மட்டும் வேண்டும். மற்றதைக் கத்தியால் சரிவாக வெட்டுங்கள். நேர்க்குறுக்கே வெட்டினால் நார் முழுவதும் ஒரேயடியாக எதிர்க்கும். தென்னை அடிமரம் தனிச் சாதி. மற்ற மரம் போல நடுவிலிருந்து வெளியே வெடிக்கும் குணம் அதற்கில்லை. வெளிப்பக்கம் கல், உள்ளே சக்கை. அதை ஓரத்திலிருந்து பலகை பலகையாக உரித்தெடுக்க வேண்டும், நடுவில் ஆப்பு அடித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். சவுக்கு அதற்கு எதிர்மாறு. பச்சையாக இருக்கும்போது பிளந்துவிட வேண்டும், காய்ந்தால் இரும்பாகிவிடும்.

தடித்த குற்றிக்கு இரண்டு இரும்பு ஆப்பும் ஒரு சம்மட்டியும். இரண்டு ஏன் என்றால், ஒன்று இறுகிக்கொண்டால் மற்றதை வெடிப்பில் அடித்து முதலாவதை விடுவிக்கலாம். ஆப்பின் தலை அடிபட்டு அடிபட்டுக் காளான் போல் மடியும். அந்த மடிப்புத்தான் துணுக்காகப் பறந்து கண்ணில் ஏறும். மடிந்ததை அரத்தால் அல்லது சாணையால் எடுத்துவிட வேண்டும். கோடாலியின் பின்புறத்தால் இரும்பு ஆப்பை அடிக்காதீர்கள். கோடாலியின் கண் வெடித்துவிடும். கோடாலியால்தான் அடிக்க வேண்டியிருந்தால், புளி போன்ற வைர மரத்தில் செதுக்கிய மர ஆப்பைப் பாவியுங்கள்.

கோடாலி வாங்குவதானால்

வேண்டாம் என்று சொல்லவில்லை. நோன்புக் கஞ்சிக்கும் கல்யாணச் சோற்றுக்கும் பெரிய சட்டிக்கு விறகு கொத்துவோருக்குக் கோடாலி இல்லாமல் முடியாது. வாங்கும்போது நிறத்தைப் பார்க்க வேண்டாம், சிவப்புப் பூச்சு எந்தக் குறையையும் மறைக்கும். தலையைத் தனியாகத் தொங்கவிட்டு ஆணியால் தட்டுங்கள், மணிபோல ஒலித்தால் சரி. கரகரத்தால் வெடிப்பு இருக்கிறது. வாயில் அரத்தை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் உருக்கு மிதமிஞ்சி இறுகியிருக்கிறது, கல்லில் பட்டால் வாய் உடையும். வெண்ணெயில் போவதுபோல் போனால் வெறும் மெல்லிரும்பு, ஒரு நாளில் மழுங்கும். கொஞ்சம் எதிர்த்துக் கொஞ்சம் கடித்தால் வாங்கலாம். பாரம் ஆணுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ, பெண்ணுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். பாரம் கூடினால் பலம் கூடும் என்பது பாதி உண்மை. இருபதாவது வீச்சில் குறி தவறுவது பாரத்தால்தான்.

பிடியில் நார் தலையிலிருந்து நுனிவரை நேராக ஓட வேண்டும். குறுக்கே ஓடும் நார் ஒரு நாள் முறியும், முறிந்தால் தலை பறக்கும். பூச்சுப் பூசிய பிடியில் இதைக் காண முடியாது. தலையை மட்டும் வாங்கி, கொய்யா அல்லது புளியில் முடிச்சில்லாத கம்பு வெட்டி, நிழலில் காயவிட்டுச் சொந்தமாகப் பிடி போடுவதே மலிவு, நம்பிக்கையும் கூட. கோடையில் பிடி சுருங்கித் தலை ஆடும்போது தண்ணீர் வாளிக்குள் போட்டு வைப்பார்கள். அன்றைக்கு இறுகும், காய்ந்ததும் முன்பைவிட மோசமாக ஆடும். கண்ணுக்குள் தெரியும் பிடியின் தலைப்பில் புதிய மர ஆப்பு ஒன்றைத் தட்டி இறுக்குவதுதான் வைத்தியம்.

கொத்தும்போது முழங்கால் உயரத்துக்குச் சற்றுக் கீழான மரக்குற்றியின் மேல் விறகை வையுங்கள், அதிலும் உங்களுக்குத் தூரமான ஓரத்தில். குறி தவறினால் கோடாலி குற்றியில் விழட்டும், காலில் விழக் கூடாது. சீமெந்துத் தரையில் ஒருபோதும் வேண்டாம். வீச்சு முடியும் நேரம் முழங்காலை மடித்து இறங்குங்கள்.

எந்தக் கருவி வாங்கினாலும் கூடவே ஓர் அரமும் வாங்க வேண்டும். எட்டு அங்குலத் தட்டை அரம். மழுங்கிய கோடாலிதான் வழுக்கிக் காலுக்கு வரும், கூரான கோடாலி விறகில் பிடித்து நிற்கும். முன்னோக்கி மட்டும் தள்ளுங்கள். திரும்பி வரும்போது தூக்கிவிடுங்கள், இழுத்தால் அரத்தின் பல்லு போய்விடும்.

இயந்திர வாளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே வார்த்தை: 2019இல் அரசு அவற்றைப் பதிவு செய்யக் கட்டளையிட்டது, ஒரு வீட்டின் அடுப்புக்கு அந்தச் செலவும் சிக்கலும் தேவையில்லை.

மரத்துக்குள் இருக்கும் இரும்பு

போர் நடந்த இடத்து மரத்தில் சன்னமும் செல் துண்டும் புதைந்திருக்கும். வடக்கிலிருந்தும் எல்லைப்புறங்களிலிருந்தும் வரும் மரத்தை அறுக்கும் ஆலைக்காரருக்கு இது நன்றாகத் தெரியும், அலகு போன பிறகு தெரிந்துகொண்டவர்களும் உண்டு. மரம் அதைச் சுற்றி வளர்ந்து மூடிவிடுவதால் வெளியே தெரியாது. அரிந்த முகத்தில் கருநீலமாக அல்லது கறுப்பாக ஒரு கறை நீளமாக ஓடினால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று பொருள். மரத்தின் துவர்ப்புச் சாறும் இரும்பும் சேர்ந்தால் அந்த நிறம் வரும். அந்த இடத்தை விட்டு ஓரடி தள்ளி அரியுங்கள். முள்ளுக்கம்பி கட்டியிருந்த வேலி மரத்துக்கும், ஆணி அடித்த பழைய வீட்டு மரத்துக்கும் இதே கதைதான்.

சுள்ளி பொறுக்கும்போது அறியாத இரும்புச் சாமான் கண்ணில் பட்டால் தடியால்கூடத் தொட வேண்டாம். வந்த வழியே திரும்பிக் கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். போர் நடந்த தரிசு நிலத்தில் குப்பை கூட்டி நெருப்பு வைப்பதும் ஆபத்து, மண்ணுக்குள் இருப்பதும் சூடேறும்.

மரத்தின் குணத்தாலும் ஓர் ஆபத்து உண்டு. களப்போரத்திலும் ஆற்றோரத்திலும் வளரும் தில்லை மரத்தை விறகுக்கு வெட்டாதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை மறைக்கும், தோலில் பட்டால் கொப்பளிக்கும், புகையும் கண்ணை எரிக்கும். எங்கள் பகுதியில் தில்லையாறு என்று ஓர் ஆறே இருக்கிறது.

தூக்குவதும் அடுக்குவதும்

வெட்டுவதைவிடத் தூக்குவதில்தான் முதுகு போகிறது. குனியாமல் குற்றியை உருட்டவும் இழுக்கவும் ஒரு கொக்கி போதும். அரை அங்குலக் கட்டிடக் கம்பியின் நுனியைக் கூராக்கி, கிளியின் மூக்குபோல் வளைத்து, இரண்டரை அடி மரப்பிடியில் ஏற்றினால் சரி. பட்டறையில் ஒரு கம்பித் துண்டின் செலவு. அடுக்கிய விறகிலிருந்து கொள்ளியை வெளியே இழுக்கவும் இந்தக் கொக்கியையே பாவியுங்கள். விறகு அடுக்குக்குள் பாம்பும் தேளும் பூரானும் ஒதுங்கும், கையை நேரே விட வேண்டாம். மறைக்காலையில் அடுப்பு மூட்டப் போகும் பெண்கள், அதுவும் ஸஹர் நேரத்தில், வெளிச்சத்தோடு போக வேண்டும்.

பிளந்த விறகை நேரே மண்ணில் அடுக்காதீர்கள். இரண்டு தென்னந்துண்டைப் படுக்கப் போட்டு அதன்மேல் அடுக்குங்கள், மேலே மட்டும் தகரம், பக்கங்கள் திறந்திருக்கட்டும். ஆனி, ஆடியில் அடிக்கும் கச்சான் காற்று எங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் உலர்த்தி. மாரி மழை ஐப்பசியில் பிடித்தால் தை வரை விடாது. ஆகவே மாரிக்கான விறகு ஆவணிக்குள் பிளந்து அடுக்கப்பட்டிருக்க வேண்டும். பிளக்காத உருண்டை மாதக்கணக்கில் ஈரத்தை வைத்திருக்கும், தோல் ஈரத்தை வெளியே விடாது. ஈர விறகின் புகை யாருடைய நெஞ்சுக்குள் போகிறது என்பது வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

மெல்லிதாகப் பிளப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1980களில் இலங்கையில் உருவான அனகி களிமண் அடுப்பில் ஒரு தீயில் இரண்டு சட்டி வைக்கலாம், மூன்று கல் அடுப்பைவிடக் குறைந்த விறகு போதும். ஆனால் அதன் வாய் சிறிது. பெருவிரல் முதல் மணிக்கட்டு வரையான தடிப்புள்ள கொள்ளிதான் உள்ளே போகும். தடித்த கட்டையைத் திணித்துவிட்டு "இந்த அடுப்பு புகைக்கிறது" என்று தூக்கி எறிந்தவர்களை அறிவேன். அடுப்பில் குற்றமில்லை. பிளக்க வழியில்லை, அவ்வளவுதான்.

சுனாமிக்குப் பிறகு கட்டப்பட்ட மாடிக் குடியிருப்புகளில், கல்முனை கிறீன்பீல்ட் போன்ற இடங்களில், இருப்பவர்களுக்குக் கொத்தவும் இடமில்லை, அடுக்கவும் இடமில்லை. மேல்மாடித் தரையில் கோடாலி வீச முடியாது. அவர்களுக்கும் பொருந்துவது வளையத்துக்குள் தட்டிப் பிளக்கும் சாமான்தான், கீழே பொது இடத்தில் ஒரு குற்றியில் இறுக்கி வைத்தால் ஒரு தொகுதிக்கு ஒன்று போதும்.

எல்லாவற்றையும் ஒவ்வொரு வீடும் வாங்க வேண்டியதில்லை என்பதும் இதிலிருந்து வரும் கணக்கு. வீட்டுக்கு வீடு வேண்டியது தடித்த கத்தி ஒன்று, தட்டும் கட்டை ஒன்று, அரம் ஒன்று. வில்வாள், சம்மட்டி, ஆப்பு இரண்டு, கொக்கி, பிளக்கும் சாமான் ஆகியவை தெருவுக்கு ஒன்று இருந்தால் போதும். பள்ளிவாசலில் சட்டியும் சஹனும் பொதுவில் இருப்பதுபோல, மாதர் சங்கத்தில் கதிரையும் பந்தல் தகரமும் இருப்பதுபோல, இவையும் இருக்கலாம். யார் கொண்டு போனார் என்று எழுத ஒரு கொப்பி வையுங்கள். எடுத்துப் போகும் வீடு பத்தோ இருபதோ ரூபா போடட்டும். வில்வாளின் அலகு தேய்ந்து போகும் பொருள், மழுங்கிய அலகைத் தீட்டி மினக்கெடுவதைவிடப் புதியது போடுவதே மேல். அந்த உண்டியல் காசு அலகுக்கு.